ஃபோர்மேனுக்குச் சிவப்பு அட்டை

செத்தாலும் டாக்டரிடம் போவதில்லை என்று பஸ் டிப்போ ஃபோர்மேன் அன்று காலை பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். செத்த பிறகு போய் என்ன செய்வது என்று அவர் யோசிக்கவில்லை. முடிவு என்றால் முடிவுதான்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குது. நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க. வாங்க, காட்டிட்டு வந்துடலாம்," என்றாள் மனைவி.

"வாயுடி."

"பதினேழு நாளாவா?"

"ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு வலியா? நான் படுத்தா என் ஒன்பது மெக்கானிக்கும் சிரிப்பானுங்க!"

"சிரிக்கட்டுமே. நீங்க இல்லைன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். காட்டிக்கொண்டால் மீசை என்னாவது? தோள்பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார். அந்த விறுவிறுப்பு தெருமுனை வரைக்கும்தான் வந்தது.

டிப்போ வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"உள்ள விட முடியாது சார்."

"யோவ், என்னையா?"

"முதுகுப் பக்கம் பாருங்க."

பையின் பின்னால் சிவப்பு அட்டை தொங்கியது. கோளாறான பஸ்ஸின் ஸ்டியரிங்கில் மாட்டுகிற அட்டை. பரிசோதித்தவர் கையெழுத்துப் போடும்வரை அந்த வண்டி வேலைக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் சாட்சாத் ஃபோர்மேன். அட்டையில் மனைவியின் குண்டு எழுத்து: 'புகார்: மேடு ஏறும்போது இழுவை இல்லை.'

"கிழிச்சுப் போட்டுட்டு வர்றேன்!"

"கிழிச்சா ஒரு வாரம் சஸ்பெண்டுன்னு நீங்கதானே சார்..."

எதிர்த்தெரு டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போகிறது, வீட்டுக்குத் தெரியவா போகிறது என்று கிளினிக்குக்குள் நைசாக நுழைந்தார்.

"வாங்க. நமக்குத்தான் முதல் டோக்கன்," என்றாள் மனைவி.

டாக்டர் அவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "அடைப்பு இருக்கும் போல. நல்லவேளை, வந்தீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மனைவியின் கையைப் பிடித்த ஃபோர்மேன் விடவே இல்லை. ஆம்புலன்ஸில் படுத்த பிறகுதான் கேட்டார்.

"டிப்போ அட்டை உனக்கு ஏதுடி?"

"உங்க மெக்கானிக்குங்கதான். நேத்து ஒண்ணு கேட்டேன். ஒன்பது பேரும் ஆளுக்கொண்ணு நீட்டினாங்க, ஏற்கெனவே உங்க பேரை எழுதி. மாட்டத்தான் பயமாம். மீதி எட்டு என் பையில இருக்கு. அசையாம படுங்க."