சலிப்பு ஒழிந்த ஐந்தாம் மாடி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அதன் பிறகு வெகுகாலம் சும்மாவே இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பின் நலச் சங்கத்தைச் சேரும். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பவர்களைப் பிடித்து ஆட்டும் சலிப்பு என்னும் கொடிய நோயை அந்தச் சங்கம் தொண்ணூற்று நான்கே நாளில் வேரோடு பிடுங்கி எறிந்தது. வேர் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்காமல் பிடுங்கியதுதான் அதில் விசேஷம்.

ஐந்தாம் மாடியில் கண்டக்டரம்மா இருந்தார். முப்பத்தொரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்தவர். நின்று நின்று முழங்கால் தேய்ந்து, வலது காலில் மூட்டு மாற்றும் ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். லிப்ட் அவரைப் பத்திரமாக ஐந்தாம் மாடியில் இறக்கிவிட்டு, வந்த வேலை முடிந்தது என்பது மாதிரி மறுநாள் காலையில் நின்றுபோனது.

டாக்டர் அனுப்பும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "மூணு மாசம்தான் டைம். வெளியில சமதரையில தினமும் அரை மணி நேரம் நடக்கணும். விட்டீங்கன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் யார் வந்தாலும் மடக்க முடியாது."

வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். சங்கமும் அதையேதான் கேட்டது. கண்டக்டரம்மாவின் ஹாலில் ஒன்பது எட்டு வைக்கலாம். பத்தாவது எட்டில் பீரோ. வெளியே போனால் நூற்றுப் பதினெட்டுப் படி. அதில் ஒரு படியைக்கூட அந்தக் கால் இறங்காது.

கூட இருந்தவர் அவருடைய நாத்தனார். அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மூச்சிரைக்க இறங்கி, மூச்சிரைக்க ஏறி, வாரத்துக்கு இரண்டு தடவை காய்கறி வாங்கி வருவார். முதல் வாரமே சங்க அலுவலகத்துக்குப் போய், லிப்ட் ஓடவில்லை என்று புகார் எழுதப் பேனாவை எடுத்தார். சங்கத்து எழுத்தர் பதிவேட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் விதி என்றார். அந்தக் கையெழுத்து இல்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிடக்கூடாதாம். அப்படியானால் பதிவேட்டை மேலே கொடுத்தனுப்புங்கள் என்று நாத்தனார் கேட்டார். எழுத்தர் மேஜைக்கடியில் குனிந்து, பதிவேட்டைக் கட்டியிருந்த சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். முன்பு ஒரு தடவை அது காணாமல் போயிற்றாம்.

மற்றவர்கள் கையெழுத்துப் போடலாமே? போடலாம்தான். ஆனால் நாலாம் மாடி பூட்டிக் கிடந்தது. மூன்றாம் மாடி வரை இருந்தவர்களுக்குப் படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று செயலாளர் ஏற்கெனவே சுற்றறிக்கை விட்டிருந்தார். பாதிக்கப்படாதவர்கள் பாதிக்கப்பட்டதாகக் கையெழுத்துப் போடுவது நேர்மையாகுமா?

"சரிங்க, நாலு பேர் சேர்ந்து எங்க அண்ணிய நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்துடுங்களேன்" என்றார் நாத்தனார்.

செயலாளர் பதறிப்போனார். ஆளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது பாதுகாப்பு விதிகளின்படி கடுமையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது என்று விளக்கி, நாத்தனாருக்கு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்பினார்.

இந்தச் செயலாளரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் நமக்குப் பாவம் சேரும். ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர்களுக்கு "உற்சாகப் பயிற்சி" கொடுத்து ஓய்வுபெற்றவர். தரைத்தளத்தில் வீடு. லிப்டில் கால் வைத்ததே இல்லை என்பதால், லிப்டைப் பற்றி விருப்பு வெறுப்பில்லாமல் சிந்திக்கக்கூடியவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான். அவர் இரவும் பகலும் சிந்தித்தார். ஐந்தாம் மாடியின் உண்மையான பிரச்சினை லிப்ட் அல்ல, சலிப்பு என்று கண்டுபிடித்தார்.

உடனே அவசரக் கூட்டம் கூடியது. திட்டத்துக்குப் பெயர் "சலிப்பு ஒழிப்பா", "சலிப்புத் தணிப்பா" என்று இரண்டரை மணி நேரம் விவாதம் நடந்து, ஒழிப்பே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. லிப்ட் பற்றிய பொருளுக்கு நேரமில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் "வீட்டிலிருந்தே சலிப்பை விரட்ட ஐம்பத்தொரு வழிகள்" என்ற கையேடு பளபளப்பான அட்டையோடு வெளிவந்தது. ஏழாம் வழி: சீலிங் ஃபேனின் மூன்று இறக்கைகளுக்கும் செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடவும். பதினேழாம் வழி: கண்ணை மூடிக்கொண்டு, கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளவும். இருபத்து மூன்றாம் வழி: சொந்த வீட்டிலேயே சுற்றுலா போய், பயணக் கட்டுரை எழுதி, குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடவும்.

கண்டக்டரம்மாவுக்குப் பதிவேடு எட்டாவிட்டாலும் வாட்ஸ்அப் எட்டியது. அவர் கட்டுரை எழுதினார்.

"சமையல்கட்டில் புறப்பட்டேன். ஒன்பது எட்டு நடந்தேன். பீரோ மறித்தது. பால்கனிக்குத் திரும்பினேன். கீழே தெருவில் எல்லோரும் நடக்கிறார்கள். நானும் நடக்க வேண்டும். லிப்ட் எப்போது ஓடும்?"

நாற்பத்து மூன்று பேர் கை தட்டுகிற பொம்மையை அனுப்பினார்கள். "முடிவு வரி அபாரம்!" என்று செயலாளர் எழுதினார். இரண்டாம் மாடிக்காரர் விழுந்து விழுந்து சிரித்ததாகத் தெரிவித்தார்.

கண்டக்டரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. மறு வாரம் கவிதைப் போட்டி வந்தபோது, இனிமேல் யாரும் தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இருக்கக்கூடாது என்று இரண்டே வார்த்தை எழுதினார்: "கால் இறுகுகிறது." அதற்கு முதல் பரிசு கிடைத்தது. இத்தனை செறிவான கவிதையைத் தாம் படித்ததே இல்லை என்று நடுவர் குறிப்பில் சொல்லியிருந்தார்.

"அண்ணி, அடுத்த வாரம் பாட்டுப் போட்டியாம். பாடிப் பாக்குறீங்களா?" என்று நாத்தனார் கேட்டார். கண்டக்டரம்மா முறைத்த முறைப்பில் அவர் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.

இப்படியே நாள் ஓடியது. திட்டத்தின் புகழ் பக்கத்துத் தெருக் குடியிருப்புகளுக்கும் பரவியது. கண்டக்டரம்மாவின் முழங்கால் முதல் மாதம் நன்றாக மடங்கியது. இரண்டாம் மாதம் முனகிக்கொண்டு மடங்கியது. மூன்றாம் மாதம் அவர் ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பார்த்தபோது அடித்து வைத்த முளை மாதிரி நின்றது. முப்பத்தொரு வருஷம் எந்த முரட்டுப் பயணியிடமும் கண் கலங்காதவர் அன்றைக்கு அழுதார். நாத்தனாருக்குத் தெரியாமல் இருக்க ஃபேனை வேகமாக வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் காலையில் செயலாளர் தாமே நேரில் வந்தார். மறுநாள் திட்டத்தின் வெற்றி விழா. கண்டக்டரம்மாவுக்கு "சலிப்பறியாச் செம்மல்" விருது. அழைப்பிதழைக் கொடுக்க நூற்றுப் பதினெட்டுப் படியும் ஏறி வந்த அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது!

"விழா எங்க சார்?" என்று கண்டக்டரம்மா கேட்டார்.

"கீழ ஹால்லதாம்மா. நீங்க அவசியம் வந்துடணும்."

கண்டக்டரம்மா அழைப்பிதழை வாங்கித் தம் வலது முழங்காலின் மேல் வைத்தார். செயலாளர் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி, முதல் படியில் கால் வைத்தார். கால் பிசகியது. "ஐயோ" என்ற சத்தம் மட்டும் இரண்டாம் மாடி வரை தங்குதடையில்லாமல் இறங்கியது.

கணுக்கால் பூசணிப்பிஞ்சு மாதிரி வீங்கிவிட்டது. நாத்தனார் அவரைத் தாங்கிக் கொண்டுவந்து கண்டக்டரம்மாவின் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய நாற்காலி அது. உயரமானது, கைப்பிடி வைத்தது. அந்த வீட்டில் கண்டக்டரம்மா உட்கார்ந்து எழுந்திருக்கக்கூடிய நாற்காலி அது ஒன்றுதான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிஷத்தில் ஜன்னலைப் பார்த்தார். அரை மணியில் எப்படித்தான் இங்கேயே உட்கார்ந்திருப்பது என்று அலுத்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா கையேட்டை எடுத்து நீட்டினார். "பதினேழாம் வழி நல்லா இருக்கும் சார். கண்ண மூடிக்கிட்டு, கடற்கரையில நடக்குற மாதிரி நெனச்சுக்கோங்க."

செயலாளர் கையேட்டைத் தொடவில்லை. போனை எடுத்தார். பத்தே நிமிஷத்தில் செயற்குழு உறுப்பினர்கள் நால்வரும் வந்து, அவரை நாற்காலியோடு தூக்கி, "பாத்து, பாத்து" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். பாதுகாப்பு விதியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. மூன்று மாதம் கழித்துக் கீழே இறங்கும் பாக்கியம் கண்டக்டரம்மாவுக்கு அல்ல, அவருடைய நாற்காலிக்குத்தான் கிடைத்தது. அன்றைய பொழுதைக் கண்டக்டரம்மா கட்டிலிலேயே கழித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு எதையோ தீர்மானித்தார்.

மறுநாள் காலையில் நால்வரும் நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து ஹாலில் வைத்தார்கள். வைத்ததும், நல்ல புடவை கட்டி ரெடியாக இருந்த கண்டக்டரம்மா அதில் உட்கார்ந்தார்.

"தூக்குங்க" என்றார்.

நால்வரும் விதி என்றார்கள், பொறுப்பு என்றார்கள், தீர்மானம் வேண்டும் என்றார்கள்.

"நேத்து எந்தத் தீர்மானத்துல தூக்குனீங்க?"

கண்டக்டரம்மா சாவிக்கொத்தில் கோத்திருந்த பழைய விசிலை வாயில் வைத்தார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். இரண்டு ஊதினார். எத்தனையோ டிரைவர்களை எழுப்பிய விசில் அது. செயற்குழு கிளம்பியது.

கீழே இறங்கியதும் முதலில் பதிவேட்டுக்கு முன்னால் நாற்காலியை வைக்கச் சொன்னார். "லிப்ட் ஓடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் அதைப் பொறுமையாகப் படித்தார். பிறகு சங்கடத்தோடு நிமிர்ந்தார்.

"அம்மா, நீங்கதான் கீழ வந்துட்டீங்களே. லிப்ட் இல்லாமலே வர முடியுதுன்னு ஆயிடுச்சு. அப்போ பாதிப்புன்னு எதைக் காட்டுறது? இது செல்லாதும்மா."

அதற்குள் மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நால்வரும் நாற்காலியை மேடைக்குத் தூக்கிப் போனார்கள். ஹாலில் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். செயலாளர் காலில் கட்டோடு முன்வரிசையில் இருந்தார். கேடயத்தை வாங்கிக்கொண்டு கண்டக்டரம்மா மைக்கில் பேசினார்.

"மூணு மாசமா நான் எழுதினதையெல்லாம் படிச்சீங்க. கை தட்டுனீங்க, சிரிச்சீங்க, பரிசு குடுத்தீங்க. அது எதுவுமே கட்டுரையும் இல்ல, கவிதையும் இல்ல. எல்லாம் புகார். என் கால் போயிட்டிருக்கு."

ஹாலில் இருந்தவர்கள் கூரை அதிரக் கை தட்டினார்கள். "என்ன நகைச்சுவை உணர்வு!" என்று இரண்டாம் மாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கண்டக்டரம்மா ஒரே ஒரு விசில் ஊதினார். நீளமாக. கைதட்டல் நின்றது. அவர் நாத்தனார் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, ஹாலுக்கு இருந்த ஒரே வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி, அதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"லிப்ட் ஓடுற வரைக்கும் இந்த வண்டி எடுக்காது" என்றார்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். கால் மணி நேரத்தில் சிரிப்பு நின்றது. அரை மணி நேரத்தில் ஒருவர் அடுப்பு என்றார், ஒருவர் ஆபீஸ் என்றார், இரண்டாம் மாடிக்காரர் தமக்கு மூச்சு முட்டுகிறது என்றார். ஒவ்வொருவர் மடியிலும் ஐம்பத்தொரு வழிகள் பளபளவென்று இருந்தன. ஒருவர்கூடப் பிரிக்கவில்லை. நூறு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து லிப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

அவர் ஐம்பது நிமிஷத்தில் வந்தார். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச்தான் போயிருந்தது. திட்டத்தின் ஐம்பத்திரண்டாவது சாதனையாக லிப்ட் சீரமைக்கப்பட்டது என்று சங்கம் அன்றைக்கே ஏகமனதாகத் தீர்மானம் போட்டது.

அடுத்த வாரம் கண்டக்டரம்மா லிப்டில் இறங்கி டாக்டரிடம் போனார். டாக்டர் முழங்காலை மடக்கிப் பார்த்தார். பாதியிலேயே நின்றது. இன்னொரு தடவை பார்த்தார். இனிமேல் இவ்வளவுதான் என்றார். சொல்லும்போதே அவருக்குக் கோபம் வந்தது.

"அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இந்த மூணு மாசமும் என்னதாம்மா செஞ்சிட்டிருந்தீங்க?"

கண்டக்டரம்மா பையைத் திறந்து, சங்கம் கொடுத்த கேடயத்தை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அதில் பொன்னெழுத்தில் பொறித்திருந்ததைப் படித்தார்:

"தொண்ணூற்று நான்கு நாளும் இருந்த இடத்தைவிட்டு அசையாமல் மகிழ்ந்திருந்தமைக்காக."