சாண் உளி

சாண் நீளத்தில், மூன்று விரல் அகலத்தில் உளி வைத்திருப்பவர் யார் என்று ஏட்டையா கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு வருகிறார் என்ற செய்தி, மாரியப்பன் ஆசாரி பழைய சோற்றில் கை வைத்த நேரத்தில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் அவர் மனைவி சௌந்திரம். உப்பு வாங்கப் போனவள் உப்பில்லாமலே ஓடி வந்திருந்தாள்.

ஆசாரியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. ஓமலூருக்கு மேற்கே இருந்த அந்த ஊரில் அப்படிப்பட்ட உளி ஒரே ஒருவரிடந்தான் இருந்தது. அந்த ஒருவர் அவரேதான்.

மேட்டூர் அணை வேலை முடிந்து ஊர் திரும்பியவர், சேலம் செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடையில் ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து பொறுக்கியெடுத்த உளி அது. கடைக்காரர் நீள உளிகளையே எடுத்துப் போட்டார். நீள உளி ஆழத் துளை போடத்தான் ஆகும், கதவுக்குக் கீல் பதிக்கிற இடுக்கில் அதன் தலை சுவரில் இடிக்கும் என்று ஆசாரி விளக்கினார். பட்டை அகலமாக இருந்தால்தான் பள்ளம் ஒரே மட்டமாக வரும் என்றும் சொன்னார். ஒவ்வொன்றாக நகத்தில் வைத்துக் கூர் பார்த்து, முதுகைக் கண்ணாடியில் படியவைத்துச் சமம் பார்த்து, பன்னிரண்டை ஒதுக்கிப் பதின்மூன்றாவதை எடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பார்ப்பதில்லை என்றார் கடைக்காரர்.

அந்தப் பெருமையே இப்போது வினையாகிவிட்டது. முந்தின வாரந்தான் பக்கத்து ஊர்ப் பண்ணையக்காரர் வீட்டுச் சுவரைக் குடைந்து கன்னம் வைத்து நகைப்பெட்டியைத் தூக்கிப் போயிருந்தார்கள். திருடன் அகப்பட்டதாகப் பேச்சே இல்லை.

"ஏனுங்க, நீங்க ஏதாச்சும்..." என்று ஆரம்பித்த சௌந்திரம் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"ஏம்புள்ள, நீயே இப்புடிக் கேட்டா ஏட்டையா என்னத்தக் கேக்க மாட்டாரு?"

உளியைக் கம்புக் குதிருக்குள் புதைத்தார். போலீஸ்காரர்கள் முதலில் கை விடுவதே குதிருக்குள்தான் என்றாள் சௌந்திரம். கூரையில் செருகினார். வாசலிலிருந்து பார்த்தாலே பளபளவென்று தெரிந்தது. கடைசியில் துண்டில் சுற்றிக்கொண்டு தெருக் கிணற்றுக்குப் போய், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் உள்ளே போட்டார்.

மறுபக்கம் குனிந்து தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த முத்தாயம்மாள் நிமிர்ந்தாள். நல்ல மனுஷி. பாவம், ஆசாரியின் சாமான் கை தவறி விழுந்துவிட்டதென்று பதறி, அவர் வேண்டாம் வேண்டாம் என்பதைக் காதில் வாங்காமல், வீட்டிலிருந்து பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். தெருவே கூடிவிட்டது. மூன்றாம் இழுப்பில் கொக்கிகளுக்கு நடுவே சேறும் உளியுமாக மேலே வந்தது. அவள் அதைக் கழுவி எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"ஏனுங்க ஆசாரி, காலைல ஏட்டையா கேட்டது இதைத்தானுங்களே?"

ஆசாரி உளியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லர் சின்னுசாமியின் பட்டறைக்கு நடந்தார். நடை ஓட்டமாகிவிட்டது அவருக்கே தெரியாது.

அதைக் களைக்கொத்தாக அடித்துத் தரச் சொன்னார். இப்படிப்பட்ட எஃகைக் களைக்கொத்தாக்குவது பாவம் என்று சின்னுசாமி மன்றாடினார். ஆசாரி கேட்கவில்லை. உலையில் உளி சிவந்தது, சம்மட்டி விழுந்தது. பட்டை விரிந்து வளைந்த பிறகுதான் சின்னுசாமி அந்தச் சேதியைச் சொன்னார். ஏட்டையா காலையில் இங்கேயும் வந்தாராம்.

"உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு சொல்லி உட்டனுங்க. ஏதோ நம்மாளுக்கு நல்லது நடக்கட்டுமேன்னு."

 வீட்டுக்குப் போனால் பிடித்துவிடுவார்கள். ஆசாரி சூடு ஆறாத களைக்கொத்தோடு முத்தாயம்மாளின் கடலைக்காட்டுக்கு ஓடினார். அங்கே எட்டுப் பெண்கள் வரிசையாகக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒன்பதாவதாக உட்கார்ந்தார். பயத்தில் களையை விட்டுக் கடலைச் செடியாகவே வெட்டித் தள்ளினார். பெண்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு அவருடைய மீசையைப் பார்த்தார்கள்.

அரை நாழிகைகூட ஆகவில்லை. வரப்பின்மேல் ஏட்டையா வந்தார். கண்கள் சிவந்து, முகம் வீங்கி, நாள்கணக்கில் தூங்காதவர்போல் இருந்தார். அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர். ஏட்டையா அவருடைய கையை விடாமல் பிடித்தபடியே வந்தார். ஏட்டையாவே இப்படிக் கையைப் பிடித்து அழைத்து வருகிறாரென்றால் அந்த ஆள் சேலத்திலிருந்து மாறுவேஷத்தில் வந்த பெரிய அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். ஆசாரி முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆசாரி, அந்தக் குட்டை உளியை எடுத்துக்கிட்டு ஸ்டேசனுக்கு வா."

"எந்த உளிங்க? நான் உளியே பாத்ததில்லீங்க. நமக்கு வெவசாயமுங்க."

ஏட்டையா பெருமூச்சு விட்டார். விஷயம் நாலு பேர் காதில் விழக்கூடாது, ஸ்டேஷனுக்கு வந்தால் தானே தெரியும் என்று மெதுவாகச் சொல்லி, நடக்கச் சொன்னார்.

வழி நெடுக ஆசாரிக்குத் தூக்குக்கயிறுதான் கண்முன் ஆடியது. சௌந்திரத்திடம் சொல்லிக்கொண்டு வரக்கூட இல்லை. வெள்ளைச் சட்டைக்காரர் மட்டும் இளகின மனசுக்காரராகத் தெரிந்தார். வெற்றிலை மடித்துக் கொடுத்து, ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டார்.

அந்தப் பரிவில் ஆசாரி உடைந்துபோனார். புளியமரத்தடியில் அவர் காலில் விழுந்து, குதிர், கூரை, கிணறு, உலை என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். களைக்கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுதானுங்க அந்த உளி. கன்னம் வெச்சது சத்தியமா நானில்லீங்க சாமி."

ஏட்டையா களைக்கொத்தைப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே அந்த மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவரோடு சேர்ந்து உட்கார வேண்டியதாகிவிட்ட வெள்ளைச் சட்டைக்காரர்தான் வாய் திறந்தார்:

"நீங்க இல்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா ஆசாரி? கன்னம் வெச்சவன் நான்தானுங்க; லாக்கப்புக் கதவு கீல் பேந்து கல்லுச் சுவத்துல சாஞ்சு நாலு நாளாச்சு, அதைப் பதிக்கறதுக்குக் குட்டை உளிக்காரர் கெடைக்காம என்னைக் கையில புடிச்சுக்கிட்டே ஏட்டையாவும் தூங்கல, நானும் தூங்கல."