ஓட்டைக்குடையின் சமையல் குறிப்புகள்

"இந்த ஓட்டைக்குடைங்கற வலைப்பதிவு எதைப் பத்தினது?" என்று இயக்குநர் கேட்டபோது, வாசகரின் வாயிலிருந்து அவரைக் கேட்காமலேயே ஒரு சொல் வெளியே வந்துவிட்டது.

"சமையல் சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பயன்? சிந்தின பாலும் சொன்ன சொல்லும் ஒன்றுதான்.

வாசகர் என்பது அவர் பெயரல்ல, உத்தியோகம். பொது அமைதித் துறையின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து, நாட்டில் யார் யார் வலைப்பதிவில் என்னென்ன எழுதுகிறார்கள் என்று நாளெல்லாம் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு 'தீங்கில்லை', 'கவனிக்கவும்', 'மூடவும்' என்று ஏதாவது ஒன்றைக் குறிக்க வேண்டும். மூடவும் என்று குறித்தால் வலைப்பதிவை மட்டும் மூடமாட்டார்கள். எழுதியவர் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். பக்கத்து மேஜைக்காரர் போன வருடம் 'தெருவிளக்கு' என்ற பதிவை அப்படிக் குறித்தார். அதை எழுதியவர் சைக்கிள் பழுது பார்க்கிறவர். வாசகர் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறார். கடைப் பூட்டில் துருவேறிவிட்டது.

ஓட்டைக்குடை யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு பெண் என்பது மட்டும் எழுத்திலிருந்து தெரிந்தது. அரசாங்கம் மறைக்க நினைப்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் எழுதுவார். பிரசவ வார்டில் மருந்தில்லை, தாய்மார்களை வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று அவர் எழுதிய வாரமே வார்டுக்கு மருந்து வந்தது. அந்த வார்டில்தான் வாசகரின் மைத்துனி படுத்திருந்தாள். அவளும் குழந்தையும் பிழைத்து வீடு வந்தது யாரால் என்று வாசகருக்குத் தெரியும். நன்றி சொல்லத்தான் வழி தெரியவில்லை.

இயக்குநர் குனிந்து திரையைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். அவர் சிரித்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

"தலைப்பு 'வெந்நீர்'னு இருக்கே. இதுல என்ன சமையல்?"

"அடிப்படையிலேர்ந்து ஆரம்பிக்கறாங்க சார்."

இயக்குநர் மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நல்லது. எங்க வீட்ல சமையல்னா உயிரு. அவங்ககிட்ட காட்டறேன்."

வாசகர் அவசரமாகத் 'தீங்கில்லை' என்று குறித்தார்.

அவருடைய மனைவி ஒரு ரொட்டிக்கடையில் கேக் போடுகிறவள். சாயங்காலம் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"தோட்டக்கலைன்னு சொல்லியிருக்கக் கூடாதாங்க? குடைக்கும் மழைக்கும் பொருத்தமாவாவது இருந்திருக்கும்."

"அந்த நேரத்துல வாயில வந்தது அதுதான்."

"வெறும் வயித்தோட ஆபீஸ் போகாதீங்கன்னா கேட்டாத்தானே. சரி, இப்ப அந்தம்மா படிச்சுப் பாத்துட்டு இதுல சமையலே இல்லையேன்னா?"

"நானும் உள்ளே, அவங்களும் உள்ளே."

மனைவி பட்டாணியைக் கீழே வைத்தாள். "அப்ப சமையல் இருக்கணும். அவ்வளவுதானே?"

அவளுடைய போனிலிருந்து, 'பசித்தவன்' என்ற பெயரில், ஓட்டைக்குடையின் பதிவுக்குக் கீழே வாசகர் ஒரு கருத்து எழுதினார். 'உங்கள் சமையல் குறிப்புகள் அருமை. இதுவரை ஒன்றுகூட வரவில்லை என்பதுதான் குறை. உடனே போடுவது உங்கள் உடம்புக்கு நல்லது.'

காய் வேகுமுன் பதில் வந்தது. 'புரிகிறது. ஆனால் எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது.'

"நாட்டையே திருத்தறா, ஒரு முட்டை அவிக்கத் தெரியலையா?" என்றாள் மனைவி. ஆனாலும் உருளைக்கிழங்கு சூப்புக்குக் குறிப்புச் சொன்னாள். வாசகர் தட்டித் தட்டி அனுப்பினார். ஓட்டைக்குடை அதை எடுத்துக்கொண்டு எல்லாக் கருத்தையும் அழித்துவிட்டார்.

காலையில் பதிவு வந்தது. மேலே நாலு வரி சூப். அதற்குக் கீழே, 'கிழங்கு வேகிற நேரத்தில் சும்மா இருப்பானேன்?' என்று தொடங்கி, புதுப் பாலத்துக்கு வந்த சிமெண்டில் பாதி எங்கே போயிற்று என்று ஒரு கட்டுரை.

இரண்டு நாள் கழித்து இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"வீட்ல சூப் வெச்சாங்க. நல்லா இருந்துது. ஆனா குறிப்பு ரொம்பச் சின்னதுன்னு குறைப்பட்டாங்க. ஒரு பக்கமாவது இருக்கணுமாம்."

"சொல்றேன்... எழுதறவங்களுக்கே தோணும் சார்."

"அப்புறம், கீழே என்னமோ பாலம்னு வருதாமே?"

அந்தம்மா கடைசி வரி வரைக்கும் படிக்கிற ரகம் என்பது வாசகருக்குப் புரிந்துவிட்டது.

"பாலமா? பால் சார். சூப்புல கொஞ்சம் பால் சேர்க்கணும். எழுத்துப்பிழையா இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் இயக்குநர், ஒரு காகிதத்தை நேராக அடுக்கிக்கொண்டே. "பால்னே எழுதிட்டா யாருக்கும் குழப்பம் வராதுன்னு வீட்லயும் சொன்னாங்க."

பசித்தவன் மறுபடி கருத்து எழுதினார். ஓட்டைக்குடை கெட்டிக்காரி. அடுத்த பதிவில் ரொட்டி செய்யும் முறை ஒரு பக்கத்துக்கு ஓடியது. அதன் அடியில், 'ஊருக்கு வரவேண்டிய பாலை நடுவழியில் குடித்த பூனை' பற்றி ஒரு பத்தி. பூனைக்குக் கறுப்புக் கண்ணாடியும் பெரிய காரும் இருந்தன. படித்தவர்கள் எல்லோருக்கும் பூனை யாரென்று தெரிந்தது. தெரியாதவர்கள் ரொட்டி சுட்டார்கள். ரொட்டி நன்றாக வரவே, சுட்டவர்களும் பூனையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பேருந்தில் வாசகருக்கு முன்னால் நின்ற ஒருவர், "பால் திரிஞ்சு போச்சுப்பா" என்றார். கூட நின்றவர், "பாத்திரமே விரிசல் விட்டிருக்காம்" என்றார். வாசகர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம்தான் பாலம் இருந்தது.

கேக் குறிப்பு வந்தபோது ஓட்டைக்குடை கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'எனக்குச் சமையல் கற்றுத்தரும், முகம் தெரியாத வீட்டுக்கு என் அன்பு.'

மனைவி அதை இரண்டு தரம் படித்தாள்.

"கற்றுத்தரும்னு எழுதியிருக்கா. செஞ்சு பாத்தாளான்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாட்டிலேயே அதிகம் பேர் படிக்கிற சமையல் வலைப்பதிவாக அது ஆனபோதுதான் உண்மையான வினை வந்தது. அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு செயலாளர் வந்து இறங்கினார். அமைச்சருக்கு ஓர் ஆசையாம். 'பாருங்கள், இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று வெளியுலகத்துக்குக் காட்ட, குடும்பப் பாங்கான ஒரு பதிவருக்கு மேடையில் பதக்கம். அவர் தன் பதிவிலிருந்து ஒரு பக்கத்தை வாசிப்பார். தொலைக்காட்சியில் நேரடியாக வரும்.

"அவங்க கூச்ச சுபாவம் போலிருக்கு சார்" என்றார் வாசகர். "முகமே காட்டமாட்டாங்க."

"பதக்கம்னா கூச்சம் போயிடும்."

"விலாசம் யாருக்கும் தெரியாதே."

செயலாளர் சிரித்தார். "கண்டுபிடிக்கத்தானே உங்க துறை இருக்கு?"

வாசகர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொழில்நுட்பப் பிரிவுக்கு உத்தரவு போயிற்று. எந்தக் குற்றத்துக்கும் இவ்வளவு வேகமாக விலாசம் தேடியதில்லை. யாரை ஒளித்துவைக்க அவர் சமையல் என்று சொன்னாரோ, அவரையே இப்போது மாலையும் கையுமாகத் தேடுகிறார்கள்.

அன்று சாயங்காலம் அவரால் சாப்பிட முடியவில்லை. மனைவி தட்டை எடுத்து மூடி வைத்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

"எங்கே?"

"மேடைக்கு. நான்தான் ஓட்டைக்குடைன்னு சொல்லிக்கறேன். சமையல் என்னோடதுதானே, பாதி உண்மை."

"மீதிப் பாதிக்கு என்ன ஆகும்னு தெரியுமா? நாளைக்கு யாராவது அந்தப் பூனை யாருன்னு கேட்டா?"

"தெரியும். நானும் சைக்கிள் கடைப் பக்கமாத்தான் வேலைக்குப் போறேன்." அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "தங்கச்சி குழந்தைக்கு இன்னிக்குப் பல்லு வந்திருக்குங்க. போட்டோ அனுப்பியிருக்கா. அந்தப் பல்லு யாரால வந்துது?"

வாசகர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மாவு வாசனை அடித்தது. கல்யாணமான புதிதில் அந்தக் கை இவ்வளவு தைரியமானது என்று அவருக்குத் தெரியாது. எறும்பை ஊதி விலக்கிவிட்டுச் சர்க்கரை எடுக்கிறவள் அவள்.

"நீ போகக் கூடாது. நாளைக்கு நானே இயக்குநர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். பொய் சொன்னவன் நான்."

காலையில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஓட்டைக்குடை..."

"அதைப் பத்திப் பேசாதீங்க" என்றார் இயக்குநர் கடுகடுவென்று. "அந்தக் கேக்கைச் செஞ்சு சாப்பிட்டு வீட்ல படுத்த படுக்கை. மூணு நாளா வெறும் கஞ்சி."

"கஞ்சியா சார்?"

"இந்தப் பொம்பளைக்கா அமைச்சர் கையால பதக்கம்? அமைச்சர் வீட்ல செஞ்சு பாத்து அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? எழுதி அனுப்பிட்டேன். விருது ரத்து. தேடறதையும் நிறுத்தச் சொல்லியாச்சு."

மேஜை மேல் நகல் இருந்தது. 'மேற்படி வலைப்பதிவின் கேக் குறிப்பால் மூத்த அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் வயிற்று உபாதை ஏற்பட்டது. பரிசுக்கோ மேலிடத்தின் கவனத்துக்கோ தகுதியற்றது. அமைச்சர் இதைப் படிப்பதைத் தவிர்க்கலாம். வயிற்றைத் தவிர வேறெதற்கும் தீங்கில்லை.'

வாசகருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டையும் இருமலாக மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லை சார். வீட்டம்மா சீக்கிரம் குணமாகட்டும்."

"பொத்தானைச் சரியாப் போடுங்க" என்றார் இயக்குநர்.

வீட்டில் மனைவி சேதி கேட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"என் கேக்கிலயா வயித்துவலி?"

"அதை விடு. மூணு உயிர் தப்பிச்சுது."

"உயிர் வேற, மானம் வேற. எத்தனை வருஷமா கேக் போடறேன், ஒருத்தருக்கு ஒரு ஏப்பம் தப்பா வந்ததுண்டா? அந்தம்மா சோடா உப்பைக் கூடக் கொட்டியிருப்பாங்க." கொஞ்சம் யோசித்தாள். குரல் இறங்கியது. "ஆனா பாவம், அவங்க வயித்தைக் கெடுத்துக்கிட்டதாலதான் நாம பொழைச்சோம். கைப்பட ஒரு கேக் செஞ்சு தரேன். கொண்டு போய்க் கொடுத்துட்டு வாங்க."

விடுமுறை நாள் காலையில் வாசகர் இயக்குநர் வீட்டுக்குப் போனார். சின்ன வீடு. வாசலில் ஓட்டுநர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இயக்குநர் நடக்கப் போயிருக்கிறார் என்றார்.

"பரவாயில்லை. இதை உள்ளே அம்மாகிட்ட கொடுத்துடுங்க" என்று வாசகர் டப்பாவை நீட்டினார். "உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டேன்னு சொல்லுங்க."

ஓட்டுநர் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தார்.

"எந்த அம்மா சார்? ஐயா கல்யாணமே பண்ணிக்காத தனிக்கட்டை. இந்த வீட்ல அடுப்பே கிடையாது."