கிண்டித் தண்ணீர் தீரும்வரை

சுசீந்திரத்தில் இருக்கும் மரியாதைக்குரிய கொழுந்தனார் தாணுமாலையன் அவர்களுக்கு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து மைனி பொன்னம்மை எழுதும் கடிதம். நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க உங்கள் ஊர்ச் சாமியே போதும், நான் தனியாக வேண்டி அவருக்கு வேலை வைக்கவில்லை. இங்கே உம்ம அண்ணனுக்கு சுகம், மகள் அனுஷாவுக்கு சுகம், எனக்கு உதட்டைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உதடு வீங்கி இருப்பதால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். பேசினால் பாதி வார்த்தையும் மீதி காற்றுமாக வருகிறது, உம்ம அண்ணனுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீர் அனுஷாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டு, "என்ன மைனி, எருமை வாங்கியாச்சா?" என்று என்னை விசாரித்தீர் அல்லவா? நானும் மூச்சு வாங்கிக்கொண்டே, "பக்கத்து வீட்டு எருமை, கன்னு போட்டிருக்கு" என்று சொன்னேன். எருமையும் இல்லை, கன்றும் இல்லை. அது நான்தான். அந்த எருமையின் நெய் என்று கொடுத்து அனுப்பிய பாட்டில்கூட சாலைக் கடையில் வாங்கியது. "கடை நெய்க்கு இந்த மணம் வருமா!" என்று தங்கச்சி தெருவெல்லாம் சொன்னாளாம். அவள் மூக்கை ஒன்றும் சொல்லாதீர், பாவம்.

விஷயம் இதுதான். எங்கள் தெருப் பெண்கள் குழு ஊறுகாய் போட்டது, ஓடவில்லை. சோப்புப் பொடி போட்டது, அதுவும் ஓடவில்லை. இப்போது பேண்டு செட் போட்டிருக்கிறது. சிரிக்காதீர். கலைந்துபோன ஒரு கிளப்பின் வாத்தியங்கள் தூசி படிந்து கிடந்ததைக் கேட்டு வாங்கித் துடைத்துப் பங்கு வைத்தார்கள். நான் பூக்கடையை அடைத்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் கைக்கு அடக்கமானதெல்லாம் போய்விட்டது. மத்தியானச் சந்தைக்குப் போனவளுக்கு முற்றின கத்திரிக்காய் கிடைக்கிற மாதிரி எனக்கு டிராம்போன் கிடைத்தது. பித்தளைச் சாமான். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிற நீளக் குழாய், ஒரு முனை என் வாயில், மறுமுனை ஊமத்தம்பூ மாதிரி விரிந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் நாள் ஊதியபோது எச்சில்தான் வந்தது. பிறகு ஒருநாள் திடீரென்று வயிறு அதிர ஒரு சத்தம் வந்தது பாரும், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று, கொழுந்தப்பிள்ளை! என் கல்யாணத்தன்றுகூட அப்படிப் புல்லரிக்கவில்லை. இதை உம்ம அண்ணனிடம் சொல்லாதீர், அல்லது சொல்லும், எனக்கென்ன.

எங்களுக்குச் சொல்லித்தருகிறவர் வலியசாலை ஆறுமுகசாமி மாஸ்டர். முதல் கல்யாண ஆர்டரும் அவர்தான் பிடித்துத் தந்தார், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றதும் பெண்ணின் தம்பி மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவிவிடுவான் அல்லவா, அந்த நேரத்தில் மற்ற வாத்தியமெல்லாம் வாயை மூடிக்கொள்ள, டிராம்போன் மட்டும் ஒரே மூச்சில் ஒரே சத்தத்தை இழுக்க வேண்டுமாம், கடைசிச் சொட்டு விழும்வரை. அப்புறம்தான் கொட்டு. "மூச்சு நடுவில அறுந்துதுன்னா மாப்பிள்ளைக்குப் பாதிக் காலுதான் கழுவின மாதிரி இருக்கும்" என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு கிண்டியைக் கொண்டுவந்து, குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றிக்கொண்டே என்னை ஊதச் சொன்னார். என் மூச்சு தீர்ந்தபோது அதில் மாப்பிள்ளைக்கு மட்டுமல்ல, அவர் வந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கால் கழுவத் தண்ணீர் மிச்சம் இருந்தது. மாஸ்டர் கிண்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வரல்லேன்னா, பொன்னம்மை, நீங்க முன்னால நின்னு கிலுகிலுப்பையை ஆட்டுங்க. டிராம்போனை தாசம்மாள் வாசிக்கட்டும்" என்றார்.

தாசம்மாள் எதிர்வீட்டுக்காரி. நெஞ்சு நிறைய மூச்சு வைத்திருக்கிறாள். அவள் தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து யாருடைய பிள்ளையோ வந்து நிற்கும். அவளுக்கு என் டிராம்போனைக் கொடுத்துவிட்டு நான் கிலுகிலுப்பை ஆட்டுவதா? பிள்ளைத் தொட்டிலில் கட்டுகிற சாமானை இந்த வயதில் நடுரோட்டில் நின்று ஆட்டினால் நீரே கைதட்டிச் சிரிப்பீர். விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மாஸ்டர் சொன்ன மருந்து ஒன்றுதான்: தினமும் சாதகம் பண்ண வேண்டும்.

சாதகத்துக்கு நேரம் வேண்டுமே. விடியுமுன்னே தோவாளைப் பூவை பஸ்ஸிலிருந்து இறக்க ஓட வேண்டும், மத்தியானம்வரை கடை, பிறகு சோறு. உம்ம அண்ணனுக்கு இப்போது பிளாட்டில் ராத்திரி காவல், வருகிற வண்டிக்கு வழி காட்டுகிற வேலையும் உண்டு, பகலெல்லாம் தூக்கம். நான் ஊமத்தம்பூவுக்குள் பழைய துணியைத் திணித்து, அடுக்களைக் கதவைச் சாத்தி, மெதுவாக ஒரு தரம் ஊதினேன். அவர் கண்ணைத் திறக்காமலேயே எழுந்து உட்கார்ந்து, வலக்கையைத் தூக்கி, "போட்டே... போட்டே... வலத்தோட்டு ஒடி... மதி, மதி! பின்னால மதில் இருக்குடே!" என்று பின்னால் வருகிற லாரிக்கு வழி காட்டி, போதும் போதும் என்று நிறுத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஆகா, தூக்கம் கெடவில்லையே என்று நான் பாட்டுக்குச் சாதகத்தைத் தொடர்ந்தேன். சாயங்காலம் எழுந்தவர், "என்னட்டி இது, பகல்லயும் டூட்டி பாத்த மாதிரி கை வலிக்கு" என்று தைலம் கேட்டார். தேய்த்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் டூட்டிக்குப் போன பிறகு ஊதலாம் என்றால் அனுஷா காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொல்கிற நேரம் அது. ஒரே ஒரு ஊது ஊதினேன், ஓடி வந்தாள். "எந்தா அம்மா இது! உங்க ஆபீஸ் கப்பல்லயா இருக்குன்னு அந்த ஆளு கேக்காரு!" "ஆமான்னு சொல்லு மக்கா, மரியாதை கூடும்" என்றேன். கதவை அடித்துச் சாத்தினாள்.

சரி, முன்னறையில் ஊதலாம் என்றால் எங்கள் முன்னறையின் நீளம் உமக்கே தெரியும், நீர் வந்து படுத்தால் கால் வாசலில் இருக்கும். குழாயை முழுவதும் நீட்ட வேண்டுமானால் ஜன்னலைத் திறந்து வெளியே விட வேண்டும். விட்டேன். ஜன்னலுக்கு நேர் கீழே அடுத்த வீட்டு சுடலைக்கண்ணு அண்ணாச்சி பல் தேய்த்துக்கொண்டு நின்றது எனக்கு எப்படித் தெரியும்? முதுகில் ஏதோ குத்த, அவர் திரும்பிப் பார்த்தபோது குழாய் உள்ளே வந்துவிட்டது. மறுபடி திரும்பிப் பல் தேய்த்தார், மறுபடி குத்தியது. இப்போது அவர் இடுப்பில் மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார். "செத்துப்போன எங்க சித்தப்பா இப்படித்தான் விரலால குத்திக் கூப்பிடுவாரு பொன்னம்மை" என்று என்னிடமே வந்து கண்கலங்கிச் சொன்னார். சித்தப்பா நல்லவர் என்று சொன்னேன்.

கடையில் பூக்கட்டும்போது கை வேலையில் இருக்கும், வாய் சும்மாதானே இருக்கிறது என்று உதட்டை மட்டும் ப்ர்ர்ர் என்று அடித்துப் பழகினேன். அதுவும் ஒரு சாதகமாம். முல்லை வாங்க வந்த அம்மாக்கள் எல்லாம் "எந்தா சேச்சி, பனியாணோ?" என்று கேட்டுவிட்டு, காய்ச்சல்காரி கட்டிய பூ சாமிக்கு ஆகாது என்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அப்புறம் ஆற்றங்கரைக்குப் போனேன். கரமனை ஆற்றுப் படித்துறையில் காலை நேரம் யாரும் இல்லை என்று நினைத்து ஒரு நீளமான ஊது ஊதியதும், மரத்தில் இருந்த காக்கை எல்லாம் கறுப்புத் துணியை உதறிய மாதிரி ஒரே அடியாகப் பறந்து போயிற்று. திரும்பிப் பார்த்தால், கீழ்ப்படியில் ஒரு குடும்பம் பலிச்சோறு வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட ஈரக்கையைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. தட்டுகிறார்கள், தட்டுகிறார்கள், ஒரு காக்கை வரவில்லை. மூத்த மகன், "அச்சன் இப்பழும் பிணக்கத்திலாணல்லோ" என்று அழத் தொடங்கிவிட்டார். அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லையாம். உடனே தம்பி, "நீ வீடு விற்றதாணு காரணம்" என்று பழைய கதையை எடுத்தார். நான் குழாயைச் சேலையால் மூடிக்கொண்டு, செத்தவருக்கு நானும் வேண்டப்பட்டவள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்துவிட்டேன்.

இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது, மறுநாள் பரீட்சை. அன்றைக்கென்று குழுவுக்குப் பொன்முடி டூர். போகாமல் இருக்க முடியாது, சாதகத்தையும் விட முடியாது, டிராம்போனைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். தாசம்மாள், "என்னத்துக்கு மக்கா இதைத் தூக்கிட்டு வாறே? மலையில யாருக்குக் கல்யாணம்?" என்றாள். "உனக்குத்தான், ரெண்டாவது பேசியிருக்கு" என்றேன். வண்டியே சிரித்தது, அவளும் சிரித்தாள், மனதுக்குள் என் குழாயை அளந்தும் பார்த்துக்கொண்டாள்.

கல்லாற்றில் சாயா குடிக்க வண்டி நின்றது. நான் மட்டும் ஆற்றில் இறங்கி ஒரு பாறையில் ஏறி நின்றேன். சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, தூங்குகிறவர் இல்லை. குழாயை முதல் தடவையாக முழுக்கையும் நீட்டி ஊதினேன். என்ன சத்தம் தெரியுமா! அக்கரைக் காட்டிலிருந்து அது அப்படியே திரும்பி வந்தது. எதிரொலி என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் நிறுத்திய பிறகும் அது நிறுத்தவில்லை.

சாயாக்கடைக்காரர், "ஆனயா சேச்சீ! ஊதல்லே!" என்று கத்துகிறார், யானையாம், ஊதக்கூடாதாம். எங்கள் வண்டி டிரைவர், "நிறுத்தாதீங்க அக்கா! நிறுத்தினா தேடிக்கிட்டு இங்க வரும்!" என்று கத்துகிறார். இரண்டு பேரும் கத்திவிட்டு ஓடிவிட்டார்கள். எங்கள் குழு மொத்தமும் வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டது. எனக்குக் கால் நகரவில்லை. வாயில் குழாய் இருந்தது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதினேன். கொழுந்தப்பிள்ளை, மூச்சு நெஞ்சில்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தேன். பயம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதுவும் இருக்கிறது, அடிவயிற்றில். எடுக்க எடுக்க வந்தது. என் பாட்டன் விட்ட மூச்சு, பூட்டன் விட்ட மூச்சு எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. அக்கரையில் மூங்கில் சடசடவென்று முறிந்து, சத்தம் மேலே மேலே ஏறி, அப்புறம் அடங்கிவிட்டதாம். நான் இன்னும் ஊதிக்கொண்டிருந்தேன். தாசம்மாள்தான் ஜன்னலை இறக்கி, "அடி பாதகத்தி, கண்ணைத் திற, அது போயாச்சு!" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதில்தான் யானை மலையையே தாண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் கிண்டியைச் சாய்த்தார். நான் கண்ணை மூடி யானையை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் பாதி ஆயிற்று, ஊதினேன். சொட்டுச் சொட்டாக ஆயிற்று, ஊதினேன். அவர் கிண்டியைக் கவிழ்த்து உதறி என் காதுக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினார், அப்போதும் ஊதினேன். "மதி, பொன்னம்மை, மதி! மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிரும்!" என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். டிராம்போன் எனக்குத்தான்! தாசம்மாள் தோளைத் தட்டி, "எனக்கும் ஒரு ஆனையைக் காட்டித் தா மக்கா" என்றாள். நல்லவள்தான், குரல்தான் கொஞ்சம் கூடுதல்.

ஆகையால் நீர் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலை வண்டிக்கே வந்து சேரும். மண்டப வாசலில் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே சிவப்புக் கோட்டுப் போட்டு நிற்கிறவள் உம்ம மைனிதான். மாப்பிள்ளையை யாரும் பார்க்கப் போவதில்லை, என்னைத்தான் பார்ப்பார்கள். போட்டோ எடும், தலை வெட்டாமல் எடும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு என் முத்தம், வீக்கம் வற்றியதும் நேரில் தருகிறேன். உமக்கு நீண்ட ஆயுசும், உறங்கும்போது குறட்டை இல்லாத மூக்கும் கிடைக்கட்டும்.

அன்புள்ள மைனி,
பொன்னம்மை
(டிராம்போன்)

பி.கு: கடிதத்தைக் கவரில் போட்டு, தபாலில் போட மறந்து, ஒரு வாரமும் கழிந்து, கல்யாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. எனவே வர வேண்டாம். கல்யாணம் நடந்தது. அந்த மண்டபத்தில் கீழே ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால். இரண்டிலும் அன்று கல்யாணம், வாசல் ஒன்றுதான். எங்கள் மாப்பிள்ளை வந்தார், கிண்டி சாய்ந்தது, நான் கண்ணை மூடி ஊதினேன். மூச்சு நன்றாக நின்றது. தண்ணீர் தீர்ந்து, கொட்டு தொடங்கி, எல்லோரும் கீழ் ஹாலுக்குள் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். என் காதில் என் சத்தம் மட்டும்தான் இருந்தது. முன்னால் பட்டு வேட்டி உரசிப் போவது தெரிந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, ஊதிக்கொண்டு, அதன் பின்னால் நடந்தேன். படிகள் வந்தன. ஏறினேன். கண்ணைத் திறந்தபோது மாடி ஹாலில் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை வேறு ஆளாக இருந்தார். அவர்கள் வீட்டில் பேண்டு ஏற்பாடு செய்திருக்கவில்லையாம். பெண்ணின் அப்பா கைகூப்பி, என்னை உட்காரவைத்து இலை போட்டார். அவியல் நன்றாக இருந்தது. பாயசத்தில் முந்திரி குறைவு.