கிளெனிஸின் காரில் ஆயில் ஏறுகிறது

மெர்வின் ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் துணியால் துடைத்து, என்ஜினுக்குள் விட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தான். மூன்றாவது முறையும் அதே கதைதான். ஆயில், மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறி நின்றது.

கார் ஓட ஓட ஆயில் குறையும். அது அவனுக்குத் தெரியும். ஏறுவது புதுசு. கம்பியை மூக்கருகே கொண்டுபோனான். பெட்ரோல் பங்கில் நிற்பதுபோல வாடை அடித்தது.

கார் அவன் மனைவி கிளெனிஸுடையது.

"உன் காருக்கு யாராவது ஆயில் ஊத்தினாங்களா?" என்று சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கேட்டான்.

"என் காரை உன்னைத் தவிர யார் தொடப் போறா?" என்று பதில் வந்தது.

பெர்னார்ட் தொடுவான் என்று மெர்வின் மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

பெர்னார்ட், டெவன்போர்ட் ஊர்ப் பாட்டுக் குழுவின் தலைவன். நரைத்துப் பளபளக்கும் தலை, கழுத்தில் பட்டுத் துணி, தேன் வழிகிற குரல். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம், கிளெனிஸ் தங்கள் ஊரான பர்னியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு அந்தக் குரலிடம் பாடப் போவாள். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் மெர்வினை ஒருமுறைகூட அவள் பாடச் சொன்னதில்லை. நிறுத்தச் சொன்னதுண்டு.

அந்த இரண்டு நாளும் வீடு காலியாகக் கிடக்கும். அதனால் ஹார்ட்வேர் கடையில் வேலை முடிந்ததும் மெர்வின் நேரே துறைமுகச் சாலையிலுள்ள நோலீனின் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்துவிடுவான். அவனுடைய பழைய பிக்கப் வண்டி அங்கேதான் ஆறு மாதமாகப் பிரித்துப் போட்டபடி கிடந்தது. நோலீன் கெட்டிக்கார மெக்கானிக். விவாகரத்தில் கணவன் படகை எடுத்துக்கொண்டான், இவள் ஒர்க்‌ஷாப்பை எடுத்துக்கொண்டாள். நல்ல உயரம். சிரித்தால் தகரக் கூரை அதிரும்.

சனிக்கிழமை மெர்வின் கிளெனிஸின் காரை அவளிடம் கொண்டுபோனான். அவள் ஒரு சொட்டு ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தாள்.

"தண்ணியா இருக்கு. பெட்ரோல் கலந்திருக்கு, மெர்வ். இப்படியே விட்டா என்ஜின் உள்ளுக்குள்ள தேய்ஞ்சு போயிடும்."

"ஆயில்ல எப்படிப் பெட்ரோல் வரும்?"

"என்ஜின் சூடாகாம இருந்தா பெட்ரோல் முழுசா எரியாது. மிச்சம் கீழே வழிஞ்சு ஆயிலோட சேர்ந்துடும். நெடுஞ்சாலையில அரை மணி ஓட்டினா சூட்டுல ஆவியாப் போயிடும். இந்தக் கார் பக்கத்துக் கடைக்கு மட்டும்தான் போகுதா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை டெவன்போர்ட் போயிட்டு வருது."

நோலீன் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இந்தக் காரா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்லை. ஒண்ணு, குட்டிக் குட்டி ஓட்டமா இருக்கணும். இல்லைன்னா, குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக்கிட்டு, நின்ன இடத்துலயே என்ஜினை மணிக்கணக்கா ஓட விட்டிருக்கணும்."

மெர்வின் காரின் பின்சீட்டைக் குனிந்து பார்த்தான். நிறுத்திய காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஒருத்தி தனியாக எதற்கு உட்காரப் போகிறாள்?

நோலீன் ஆயிலை மாற்றிக் கொடுத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் மெர்வின் பேச்சைத் தொடங்கினான்.

"நோலீன் சொன்னா, ஆயில்ல பெட்ரோலாம்."

"ஓ."

"நோலீன் சொன்னா, தூரமா ஓட்டினா சரியாயிடுமாம். நாளைக்கு ஸ்மித்டன் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வரலாமா?"

"நோலீன் சொன்னதுக்காகவா?" கிளெனிஸ் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எனக்குத் தலைவலி."

முன்பெல்லாம் ஸ்மித்டன் ஊருக்குப் போகலாம் என்றால் முதலில் செருப்பு மாட்டுகிறவள். இவள் மனசு இங்கே இல்லை என்று மெர்வின் கணக்குப் போட்டான். அவள் தூங்கிய பிறகு அவளுடைய கோட்டை முகர்ந்து பார்த்தான். சென்ட் வாசனை இல்லை. சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட பேக்கரி பை வாசனைதான் அடித்தது. பெர்னார்ட் தின்னிப் பண்டாரம் என்று முடிவுகட்டினான்.

இரண்டு வாரத்தில் ஆயில் மறுபடியும் கோட்டைத் தாண்டியது.

இந்த முறை நோலீன் கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்தாள். பெட்ரோல் ஒழுக்கு எதுவும் இல்லை. "ஓடும்போது பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கிளெனிஸை அக்கா வந்து தன் வீட்டுக்கு அழைத்துப்போன சமயம், மெர்வினும் நோலீனுமாக அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஸ்மித்டன் வரை போய் வந்தார்கள். நோலீன் மடியில் கம்ப்யூட்டர். என்ஜின் தங்கமாக ஓடியது.

மறுநாள் காலை கிளெனிஸ் காரிலிருந்து இறங்கி, திரும்ப வீட்டுக்குள் வந்தாள்.

"பக்கத்து சீட்டை யார் பின்னாடி தள்ளினது?"

"நோலீன். அவளுக்குக் கால் நீளம்."

"அது தெரியுமா உனக்கு."

"ஸ்மித்டன் போய்ப் பார்த்தோம். காருல ஒரு கோளாறும் இல்லையாம்."

கிளெனிஸ் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையை மெர்வின் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டான்.

காரில் கோளாறு இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை, கார் ஓடிய கிலோமீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். அன்று இரவு கிளெனிஸ் ஒன்பது மணிக்கு வந்தாள்.

"பாட்டு எப்படி?"

"நல்லா இருந்துச்சு."

"ரோடு?"

"பெங்குவின் ஊரைத் தாண்டினதும் கொஞ்சம் மழை."

அவள் குளிக்கப் போனதும் ஓடிப்போய்க் காரைப் பார்த்தான். ஓடியிருந்தது எட்டு கிலோமீட்டர். பெங்குவின் ஊரே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தூரம்.

அன்று இரவு அவன் பொட்டுக்கூடத் தூங்கவில்லை. பக்கத்தில் படுத்திருந்த கிளெனிஸும் புரண்டுகொண்டே இருந்தாள். யாரை நினைத்துப் புரள்கிறாள் என்று அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு வெந்தான்.

புதன்கிழமை, கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே ஒளிந்து நின்று பெர்னார்டுக்குப் போன் போட்டான். வேறு பெயர் சொல்லி, பாட்டுக் குழுவில் சேர வேண்டும் என்றான்.

"ரொம்ப சந்தோஷம். ஒரு வரி பாடுங்க."

"போன்லயா?"

"போன்லதான் குரலோட உண்மை தெரியும்."

வேறு பாட்டு எதுவும் நினைவுக்கு வராமல் மெர்வின் பிறந்தநாள் பாட்டைப் பாடினான். பிரஷ் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போய்விட்டார்.

"ஆம்பளைக் குரலுக்கு எங்ககிட்ட பஞ்சம்" என்றான் பெர்னார்ட் பெருந்தன்மையாக. "வாங்க."

"அங்க கிளெனிஸ்னு ஒருத்தங்க..."

"பாவம் அவங்க. ரெண்டு மாசமா வரலை. வீட்டுக்காரர் விஷயமா ஏதோ பிரச்சினையாம்."

"என்ன பிரச்சினையாம்?"

"கேட்டேன். அழ ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம்" என்று சொல்லி மெர்வின் போனை வைத்தான்.

ஆக, பெர்னார்ட் இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. பெர்னார்டுக்காவது ஒரு முகம் இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு திட்ட ஒரு பட்டுத் துணி இருந்தது. இப்போது பர்னியில், எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளையும் சந்தேகத்துக்கு உள்ளானான். கடைக்கு வந்தவர்களிடம் ஆணியைக்கூட எறிகிற மாதிரிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை, நோலீனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, கடையின் டெலிவரி வேனைக் கேட்டு வாங்கினான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுத் தெருமுனையில் காத்திருந்தான்.

ஐந்து மணிக்கு கிளெனிஸ் கிளம்பினாள். டெவன்போர்ட் பக்கம் திரும்பவே இல்லை. ஹார்ட்வேர் கடையை மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். பிறகு துறைமுகச் சாலைக்குப் போய், வியட்நாமிலிருந்து வந்த லியனின் பேக்கரிப் பக்கச் சந்துக்குள் காரைப் பின்னோக்கிச் செருகி, மூக்கை மட்டும் தெருவுக்குக் காட்டி நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. என்ஜின் அணையவில்லை. குளிரில் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டே இருந்தது.

மெர்வின் வேனுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. எவனும் வந்து கார்க் கதவைத் திறக்கவில்லை. கிளெனிஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே எட்டிப் பார்த்தாள். வரப்போகிறவன் மேல் அவளுக்கு இவ்வளவு தவிப்பா என்று மெர்வின் ஸ்டியரிங்கைக் குத்தினான். தனக்காக அவள் இப்படிக் கண்ணாடியைத் துடைத்து எத்தனை வருடம் ஆகிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. வேனை விட்டு இறங்கி, பேக்கரியின் பின்வாசல் வழியே உள்ளே நுழைந்தான். லியன் சூடான தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"லியன், சந்துக்குள்ள என் பொண்டாட்டி கார் நிக்குது."

"ஆமா. செவ்வாயும் வியாழனும் நிக்கும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். என்ஜினை அணைச்சிட்டு உள்ள வந்து உட்காருங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேட்க மாட்டேங்கிறாங்க. ஒரு சிப்பிக்கறி பை மட்டும் வாங்கிட்டுத் திரும்பக் காருக்கே போயிடுவாங்க."

மெர்வின் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "அவன் யாருன்னு மட்டும் சொல்லு. நான் தாங்கிக்குவேன். யாருக்காக இப்படிக் காத்துக்கிட்டு இருக்கா?"

லியன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்காகத்தான், மெர்வ், எதிர்ல நோலீன் கடைக்குள்ள நீங்க எத்தனை மணிக்குப் போறீங்க, எத்தனை மணிக்கு வர்றீங்கன்னு பார்த்துக்கிட்டே அழுவாங்க, இன்னிக்கு நீங்க வரலைன்னதும்தான் முதல் தடவையா சிரிச்சாங்க."