பாஸ் வீணாகக் கூடாது

"ஆஷ்லி வீட்ல அஞ்சு நாள் தங்குனா, அந்த அஞ்சு நாளும் பாஸ் சும்மா கெடக்கும் ரோசரி" என்றார் டோமினிக்.

"கெடந்துட்டுப் போகட்டுங்க. நாம போறதே அவனைப் பாக்கத்தானே?"

டோமினிக்குக்கு இந்தப் பேச்சே புரியவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வே பாஸ் செல்லுபடியாகும் கடைசி ஸ்டேஷன் வரை குடும்பத்தை இழுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவதுதான் சுற்றுலா என்று காலமெல்லாம் நம்பியவர். இப்போது ஜெர்மனியில் இருக்கும் மகன் ஆஷ்லி ஒரு பாஸ் வாங்கித் தந்திருந்தான். ஒரு மாதம், ஐரோப்பா முழுக்க, தினமும் எத்தனை ரயிலில் வேண்டுமானாலும் ஏறலாம். அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரோசரிக்கு வேண்டியது ஒன்றுதான். பேத்தி பிறந்ததிலிருந்து அவளைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள். ஒரு தடவை மடியில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

"பக்கத்து ஊருக்குப் பாஸைக் காட்டுனா நட்டம். அங்கெல்லாம் டிக்கெட்டே சல்லிசு. தூரமாப் போனாத்தான் லாபம்" என்று டோமினிக் ரோமைச் சேர்த்தார். மாதா கோயிலுக்குப் போகிற பெண் ரோமை வேண்டாம் என்று சொல்வாளா? ஐந்து நாள் மூன்றாகச் சுருங்கியது.

தூரம் போனால் ராத்தங்க ஓட்டல் அறை வேண்டும். அந்த வாடகையை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் ராத்திரி ரயிலாக மாற்றினார். ராத்திரி ரயிலில் படுக்கப் பாஸ் மட்டும் போதாது, தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அதை ஈடுகட்ட இன்னும் இரண்டு நாடுகள் சேர்ந்தன. மகன் வீட்டுக்கு ஒரே ஒரு ராத்திரி மிஞ்சியது.

"எனக்கு முழங்கால் வலிங்க. மேல் பர்த்துல எப்படி ஏறுவேன்?"

"அதுவும் சரிதான்" என்று பகல் ரயில்களுக்கு மாறினார். பகல் ரயிலோ ஆஷ்லியின் ஊருக்கு நட்டநடு மத்தியானத்தில் போய்ச் சேர்ந்தது. மத்தியானமே இறங்கிவிட்டால் பாதி நாள் பாஸ் வீண். அந்த ஒரு ராத்திரியும் போயிற்று.

"அங்க வண்டி மாற முக்கால் மணி நேரம் இருக்கு. அவனைக் குழந்தையோட பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லிடலாம். நம்ம ஜங்ஷன்ல எத்தனை சொந்தக்காரங்களை அப்படியே பாத்து, இட்லிப் பொட்டலம் குடுத்து அனுப்பியிருக்கோம்!"

ரோசரி பெட்டியைத் திறந்து, பேத்திக்குத் தைத்து வைத்திருந்த கவுன்களை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள்.

"நான் வரலைங்க. நீங்களே போயிட்டு வாங்க."

குரல் உடைந்துவிட்டது. டோமினிக் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அந்தக் கவுன்களைத் தன் கையாலேயே பெட்டிக்குள் திரும்ப வைத்தார். மடிக்கத் தெரியாததால் சுருட்டித்தான் வைத்தார்.

"பாஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். மாசம் பூரா அவன் வீட்லதான். பிள்ளையை நீ கீழயே விடாத."

மறுநாள் காலையில் இருவரும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார்கள். விசா, விமான டிக்கெட், பாஸ் எல்லாவற்றையும் ஆஷ்லி சொன்னபடி ஏற்பாடு செய்த ஏஜெண்ட் அரவிந்தனின் அலுவலகம் அங்கேதான் இருந்தது. காவிரிப் பாலத்தில் பஸ் நகரவேயில்லை. ரோசரி அலுத்துக்கொள்ளக்கூட இல்லை. பேத்திக்கு என்ன பாட்டுப் பாடுவது என்று டோமினிக்கிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸை ரத்து பண்ணிடுங்க தம்பி. நாங்க மகன் வீட்டை விட்டு எங்கயும் நகர்றதா இல்ல" என்றார் டோமினிக் பெருமையாக.

அரவிந்தன் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். ரோசரியின் மலர்ந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார்.

"பண்ணிடலாம் சார். ஆனா எதுக்கும் ஆஷ்லி சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. 'ஒரு நாள்கூட விடாம ஓடுற பாஸாப் பாத்துப் போடுங்க, அது கையில இருந்தா அப்பா எங்க வீட்டுப் பக்கமே வர மாட்டாரு'ன்னு சொல்லித்தானே சார் அவரு இதை வாங்குனாரு?"