மூன்று புள்ளி பிட்சர்

உலகத்தில் பொருளை வாங்குகிறவர்கள் உண்டு, விலையை வாங்குகிறவர்கள் உண்டு. இரண்டாவது இனத்துக்குச் சல்லிசுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். காய்கறிச் சந்தையில் மட்டும்தான் இவர்கள் அகப்படுவார்கள் என்று நினைத்தீர்களா? கம்ப்யூட்டர் பேஸ்பாலிலும் இருக்கிறார்கள்.

நம்மவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவரும் அவர் மனைவியின் தம்பியான மச்சானும் இன்னும் ஆறு பேருமாக ஒரு லீக் நடத்துகிறார்கள். மைதானம் கிடையாது, வியர்வை கிடையாது. ஆளுக்கு நூறு புள்ளி; அதற்குள் ஓர் அணியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே ஆடி முடித்து ஸ்கோரைச் சொல்லிவிடும். பந்து வீசுகிற பிட்சர்தான் இதில் உயிர்நாடி, விலையும் அவனுக்குத்தான் அதிகம். மச்சான் நாற்பது புள்ளியைக் கொட்டி ஒரே ஒரு சூரனை வாங்குவார். நம்மவரோ தோளில் தையல் போட்டவன், வயதானவன், போன வருஷம் அடி வாங்கியே பேர் வாங்கியவன் என்று மூன்று புள்ளி ஆட்களாக ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து, ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு மட்டும் கொடுத்து, மட்டைக்காரனுக்குப் பந்து பிடிபடுவதற்குள் அடுத்தவனை இறக்கிவிடுவார். இந்த ஆராய்ச்சி நடக்கும்போது வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரிவரை படித்துவிட்டுக் காத்திருப்பார்.

சும்மா சொல்லக்கூடாது, யுக்தி பலித்தது. ஆறு வருஷமாகக் கோப்பை மச்சான் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் நின்று இவர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு இவரே வந்துவிட்டார், அதுவும் மச்சானுக்கு எதிராக. எல்லாம் மூன்று புள்ளி இடதுகைக்காரன் ஒருவனின் புண்ணியம். அவன் விலை பத்தொன்பதுக்கு ஏறிவிட்டது.

அங்கேதான் வந்தது வினை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அவனை விற்கக் கிளம்பினார்.

"நல்லா போடுறவனை ஏங்க விக்கிறீங்க? கோப்பை வேணாமா?" என்றாள் மனைவி.

"வேணும்தான். ஆனா பத்தொன்பது புள்ளிக்காரன் நல்லா போடுறதுல என்ன சாமர்த்தியம் இருக்கு?"

வாங்கியது யார்? மச்சானேதான். நாலு உதிரி ஆட்களைத் தள்ளிவிட்டுப் புள்ளி சேர்த்துக்கொண்டு ஓடி வந்தார். நம்மவருக்கு அந்தப் பத்தொன்பதில் புத்தம் புதிய மூன்று புள்ளி ஆட்கள் ஆறு பேர் கிடைத்தார்கள். இதைவிட லாபம் உண்டா?

மறுநாள் அந்த ஆறு பேரும் மாறி மாறி அடி வாங்கினார்கள். இடதுகைக்காரன் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஏழு, பூஜ்யம். கோப்பை ஏழாவது வருஷமும் மச்சான் வீட்டிலேயே தங்கிவிட்டது. நம்மவருக்கு வருத்தம்தான். பிறகு போனை எடுத்தார்.

"மச்சான், அவனை என்ன விலைக்கு எடுத்தே?"

"பத்தொன்பது. நீங்கதானே மாமா வித்தீங்க?"

"நான் மூணுக்கு எடுத்தேன்."

போனை வைத்துவிட்டு, ஜெயித்தவர் போல வயிறாரச் சாப்பிட்டார்.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். போன வாரம் ஒருவர் உங்கள் சட்டை நன்றாக இருக்கிறது என்றாரே, அவருக்கு நன்றி சொன்னீர்களா, இல்லை, "என்ன விலை இருக்கும், சொல்லுங்க பார்ப்போம்" என்றீர்களா?